பவளம் மதினியும் அண்ணனின் டெனிமும்

அண்ணன் மகள் மலர்தான் தொலைபேசியில் சொன்னாள். நான் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுக் கையோடுதான் எடுத்தேன். "அத்தே, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்கடி போனாங்க இந்தக் காலையில?" என்று கேட்டேன். பதுளை டவுனுக்குத் துணி எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். இளைப்பு நோய் வந்த பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடுகிறவர் அவர். மறுமுனையில் மலர் அழத் தொடங்கியதும்தான் எனக்கு விளங்கியது.

இப்படிச் செய்தி வந்தால் நெஞ்சு உடைந்தது, கண் இருண்டது என்று எழுதுவார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. அண்ணனிடம் எனக்கு முந்திப் போய்விட்டாரே என்ற எரிச்சல். அங்கேயும் இவர்தான் முதலில் போய் நிற்பார், நான் போய்ச் சேரும்போது அண்ணன் இவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், நான் வாசலில் நிற்க வேண்டும். கையில் மாவோடு நின்று இதைத்தான் நினைத்தேன். வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றும் இல்லை. மதினிக்கே தெரியும், எனக்கு அவர்மேல் வாழ்நாள் முழுக்கப் பொறாமை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் பவளம் டீச்சர். எங்கள் தோட்டத்துத் தையல் வகுப்பில் உங்களுக்கு ஊசி பிடிக்கவும், சட்டைக்குக் கழுத்து வெட்டவும் கற்றுத் தந்தவர். சாவு வீட்டில் உங்கள் கூட்டத்தைப் பார்த்தேன். லயத்து வரிசை வீடுகளின் முன்திண்ணையான இஸ்தோப்பில் இடமில்லாமல் தேயிலை மலைக்குள்ளேயே நின்றீர்கள். பண்டாரவளையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் வந்திருந்தீர்கள். நானும் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள்தான். எனக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று எண்ணிக்கொண்டுதான் மாலையைப் போட்டேன். அதனால் டீச்சரைப் பற்றி நீங்கள் எழுதுங்கள். நான் என் மதினியைப் பற்றி எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுதுவதென்றால் அண்ணனின் டெனிமைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

இப்போது ஜீன்ஸ் என்கிறார்கள். எங்களுக்கு அது டெனிம். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்தில் டெனிம் உடுத்திய முதல் ஆள் என் அண்ணன் செல்வராஜ். அண்ணன் பதுளை பஜாரில் ஒரு ஹாஜியாரின் துணிக்கடையில் வேலை பார்த்தார். ஹாஜியாரின் மைத்துனர் அரபு நாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த உடுப்புகளில் அந்த டெனிமும் ஒன்று. அது ஹாஜியார் வீட்டில் யாருக்கும் இடுப்பில் ஏறவில்லை. "இந்தா செல்வராசு, ஒனக்குத்தான் சரி. எங்கட வீட்டுல எல்லாரும் புரியாணி ஒடம்பு" என்று ஹாஜியார் தூக்கிக் கொடுத்துவிட்டாராம். அண்ணன் அதை அன்றே உடுத்திக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

லயமே வெளியே வந்து பார்த்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னாடா இது, கொழுந்தெடுக்கக் கட்டுற படங்கு மாதிரி இருக்கு?" என்றார். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரமும் முள்ளும் படாமல் இருக்க இடுப்பில் கட்டும் முரட்டுச் சாக்குத் துணியைத்தான் நாங்கள் படங்கு என்போம். அப்பா அப்போது தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறொன்றும் அறியாதவர். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. என் அண்ணனைப் போல ஒருவர் பதுளை முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அந்த டெனிமைச் சுருட்டி என் கையில் எறிந்தார். "தவம், பீலிக்கு எடுத்துட்டுப் போ. ஒன்னையத் தவிர யாரும் தொடக் கூடாது, ஆமா." என் பெயர் தவமணி. அண்ணனின் உடுப்பையெல்லாம் நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து நான்தான் துவைத்தேன். அது வேலையாக எனக்குத் தோன்றியதில்லை. மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் அந்தப் பீலிக்கரையில் பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க அண்ணனின் டெனிமை விரித்துப் போட்டபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்தபோதுகூட வரவில்லை.

பெருமையில் போட்டு அடித்தேன். கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன். சவர்க்காரக் கட்டி கரையும்வரை தேய்த்து, தும்பு பிரஷ் எடுத்துத் தொடையிலும் முட்டியிலும் உரசினேன். அழுக்குப் போகப் போக நீலமும் போனது. பீலித் தண்ணீர் நீலமாக ஓடியதைப் பார்த்து, எவ்வளவு அழுக்கு என்று நினைத்தேன். உச்சி வெயிலில் தேயிலைச் செடிமேல் விரித்துக் காய வைத்து எடுத்தால், தொடை இரண்டிலும் கோடு கோடாய் வெளுத்திருந்தது. அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "பரவால்ல தவம். நமுனுகுல மலையில அருவி விழுந்த மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி உடுத்திக்கொண்டார். அப்படிப்பட்ட அண்ணன். அந்த வாரம் முழுக்க அந்தக் கோடுகளோடுதான் கடைக்குப் போனார்.

அதற்குப் பின் சில மாதங்களில் பூனாகலையிலிருந்து மதினி வந்தார். கையால் சுற்றும் தையல் மெசின் ஒன்றைச் சீதனமாகக் கொண்டுவந்தார். புதுப்பெண்ணுக்கு மல்லிகைப்பூ வாசம் இருக்க வேண்டும். இவருக்கு மெசின் எண்ணெய் வாசம். விரலெல்லாம் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டித் தூள். "என்னாம்மா, மோட்டார் கராஜிலருந்து பொண்ணெடுத்த மாதிரி இருக்கு" என்று நான் அம்மாவிடம் சொன்னேன், அவர் காதில் விழட்டும் என்றுதான். அவர் திரும்பி, "வண்டி ஓடணும்னா எண்ணெ போடத்தான வேணும் தவம்" என்று சிரித்தார்.  அந்தச் சிரிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கல்யாணம் முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வாளியோடு அவர்கள் காம்பரா அறை வாசலில் நின்றேன். அண்ணன் டெனிமை எறிவார் என்று கை நீட்டிக்கொண்டுகூட நின்றேன். மதினி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடையில் இருந்த வெள்ளைக் கோடுகளைத் தடவினார். "யாருங்க இப்பிடி அடிச்சது? எருமைய நிறுத்திக் குளிப்பாட்டுன மாதிரில்ல இருக்கு!" என்றார். அண்ணன் சிரிப்பை அடக்க மேலே கூரையைப் பார்த்தார். ஆனால் சிரித்துவிட்டார். நான் வெறும் வாளியோடு பீலிக்குப் போனேன். அன்று தொடங்கியது.

என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று அடுத்தமுறை பின்னாலேயே போனேன். டெனிமின் பொத்தானையெல்லாம் பூட்டினார். உள்பக்கத்தை வெளியே திருப்பினார். பேசினில் பச்சைத் தண்ணீர் பிடித்து, ஒரு பிடி உப்பும் கொஞ்சம் வினாகிரியும் விட்டு, டெனிமை அதில் அமுக்கிவிட்டு எழுந்துவிட்டார். கல் பக்கமே போகவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "அவ்வளவுதான். அழுக்கத்தான் கழுவணும் தவம், துணியக் கழுவக் கூடாது" என்றார். பிறகு வந்து, சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் இரண்டு தரம் முக்கி எடுத்தார். பிழியவில்லை. பலா மரத்து நிழலில் காலைப் பிடித்துத் தலைகீழாய்த் தொங்கவிட்டார். தண்ணீர் சொட்டிச் சொட்டித் தானாக வடிந்தது. துவைப்பதுகூட மாதம் ஒருமுறைதான். மற்ற வாரங்களில் இரவு முழுக்கப் பனியில் தொங்கவிட்டு, காலையில் உதறி எடுத்துக் கொடுப்பார்.

பீலிக்கரைப் பெண்கள் சிரித்தார்கள். "சோம்பேறிப் பொம்பளையக் கட்டிட்டு வந்துருக்கான் செல்வராசு" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அதைக் கேட்க இனிப்பாக இருந்தது. ஆனால் டெனிம் காய்ந்து வந்தபோது நீலம் நீலமாகவே இருந்தது. அடுத்த மாதமும் இருந்தது. என் வெள்ளைக் கோடுகள் மட்டும் அப்படியே நின்று, ஒவ்வொரு தரமும் என்னைக் காட்டிக் கொடுத்தன. சோம்பேறி என்று சொன்னவளே பிறகு மகனின் கழுசானை, அதான் கால்சட்டையை, கொண்டுவந்து மதினியிடம் கொடுத்தாள்.

ஒரே ஒரு தடவை மதினி வசமாக மாட்டினார். பதுளையில் சங்கத்துக் கூட்டம். அப்பாவின் வேட்டியை அம்மா முதல் நாள் சாயந்தரம் ஊறப்போடச் சொல்லியிருந்தார். மதினி ஏதோ தையல் அவசரத்தில், டெனிம் ஊறிய அதே பேசினில் வேட்டியையும் போட்டு அமுக்கிவிட்டார். காலையில் எடுத்தால் வேட்டியில் திட்டுத் திட்டாய் நீலம். அம்மா வெளியே வந்து பார்த்து, "சொட்டு நீலத்த அள்ளி ஊத்திட்டியா புள்ள?" என்று தலையில் கை வைத்தார். அப்பாவிடம் கூட்டத்துக்குக் கட்ட வேறு நல்ல வேட்டி இல்லை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். இப்போது அப்பா எழும்பி வருவார், கத்துவார், அண்ணன் தலை குனிவார், மதினி அழுவார் என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமான காலை எனக்கு அந்த வருடத்தில் வேறில்லை.

மதினி அழவில்லை. பேசினில் மிச்சமிருந்த நீலத் தண்ணீரைப் பார்த்தார். அதில் இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டார். வேட்டியை முழுக்கப் பிரித்து உள்ளே இறக்கி, ஒரு மடிப்புக்கூட விடாமல் கையால் அலசிக்கொண்டே இருந்தார். எடுத்து விரித்தபோது திட்டெல்லாம் மறைந்து வேட்டி முழுவதும் ஒரே இளநீலமாக, மழை கழுவிய வானம் போல இருந்தது. அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைத்து, மடித்து, அப்பாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். "மாமா, தப்பு என்னோடதுதான். வெள்ளையா இல்ல. ஆனா அழுக்காவும் இல்ல."

அப்பா வேட்டியைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார்.  அப்பா அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சாயந்தரம் திரும்பி வரும்போது அவர் நடையே மாறியிருந்தது. கூட்டத்தில் எல்லாத் தோட்டத் தலைவர்மாரும் வேட்டி எங்கே எடுத்தது என்று கேட்டார்களாம். "மருமக பூனாகலையிலருந்து கொண்டாந்தது" என்று சொல்லிவிட்டாராம். இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "ஏம்மா பவளம், அந்தச் சட்டையையும் இதே மாதிரி பண்ணிரலாமா?" என்று கேட்டார். என்னை அப்பா எந்தக் காலத்திலும் "ஏம்மா" என்று கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள"தான். நான் அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அது வேறு.

விட்ட இடத்தைப் பிடிக்க நானும் பார்த்தேன். ஒரு தீபாவளிக்கு முந்திய நாள் மதினி யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். அண்ணனின் டெனிம் கொடியில் கிடந்தது. துவைக்கத்தானே விடவில்லை, அயன் பண்ணலாமே என்று அயன் பெட்டியில் சிரட்டைக்கரி போட்டு ஊதினேன். துரைமார் கழுசானைப் போல நடுவில் மடிப்பு வைத்துக் கத்தி மாதிரி நிறுத்திவிட வேண்டும் என்பது என் எண்ணம். அந்தத் துணியோ மடிப்புக்கு மசியவில்லை. நான் பெட்டியை அழுத்த, மூடி திறந்து ஒரு தணல் முட்டியில் விழுந்தது. கருகிய வாசம் வந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். ஐம்பது சதக் குற்றிக் காசு போகும் அளவுக்கு ஓட்டை.

நான் அழுத அழுகையில் அண்ணன் பயந்துவிட்டார். "விடு தவம், காத்து வரும்" என்று என்னென்னவோ சொன்னார். மதினி மட்டும் அந்த ஓட்டையைத் தையல்காரியின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "ஒன் பழைய நீலப் பாவாடை ஒன்னு இருந்துச்சே, அதக் கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஓட்டைக்கு உள்பக்கமாக வைத்து, நுணுக்க நுணுக்கமாகத் தைத்தார். அண்ணன் உடுத்தி நின்றபோது முட்டியில் என் பாவாடை எட்டிப் பார்த்தது. "இப்ப தங்கச்சியும் எங்கூடவே கடைக்கு வருவா" என்று அண்ணன் சொன்னார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. மறுநாள்தான் உறைத்தது. அண்ணனிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் மதினிதான். இதற்கு எப்படிப் பொறாமைப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பட்டேன்.

அதற்குள் எனக்கும் கல்யாணமாகி அடுத்த லயத்துக்குப் போனேன். அண்ணனுக்கு மலர் பிறந்தாள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் கழுசானை நான் கல்லில்தான் அடித்தேன், அவரும் ஒன்றும் சொன்னதில்லை. அண்ணனின் டெனிம் மட்டும் வெளுக்க வெளுக்க அழகானது. சில துணிகளுக்கு அப்படி ஒரு கொடுப்பினை. பதுளையில் எல்லா இளவட்டங்களும் டெனிம் உடுத்தத் தொடங்கிய பிறகும், அண்ணன் நடந்து வந்தால் அது தனியாகத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். சனிக்கிழமை கடை அடைத்து அண்ணன் நனைந்துகொண்டு வந்தார். உடம்பு கொதித்தது. டெனிமைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுச் சாரம் கட்டிக்கொண்டு படுத்தவர், அந்தச் சாரத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து அவரை நாங்கள் தூக்கித்தான் கொண்டுவந்தோம். மலருக்கு அப்போது அப்பா என்று சொல்லத்தான் தெரியும். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

எங்களில் ஒரு முறை உண்டு. கருமாதிக்கு முன் சாவு வீட்டில் இருக்கும் துணி ஒன்று பாக்கி இல்லாமல் டோபியிடம் போக வேண்டும். செத்தவர் உடுத்தியது, படுத்தது, போர்த்தியது எல்லாம் போக வேண்டும். செத்தவர் உடுப்பு திரும்பி வராது. மற்றது வெளுத்து வரும். தீட்டுத் துணி வீட்டில் ஒன்று தங்கினாலும் ஆகாது என்பார்கள். தோட்டத்து டோபி வாசலில் வந்து நின்றார். அம்மா அழுதுகொண்டே மூட்டை கட்டினார். நான் மூட்டையைப் பார்த்தேன். அண்ணனின் சட்டைகள் இருந்தன, சாரம் இருந்தது, கம்பளி இருந்தது. ஆணி வெறுமையாக இருந்தது. டெனிம் மூட்டையில் இல்லை.

உள்ளே போனேன். மதினி தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. "எந்திரிங்க மதினி" என்றேன்.

"எந்திரிக்க மாட்டேன்."

"அத டோபிக்குப் போடணும். தீட்டு."

"எனக்குத் தீட்டு இல்ல."

"தொவைக்காத துணி மதினி. வேர்வையோட கெடக்கு."

"அதுக்குத்தான்."

எனக்கு அப்போது வந்த கோபத்தை என்ன சொல்ல. அண்ணனின் வியர்வை, அண்ணனின் தலைக்குத் தேய்த்த எண்ணெய், ஹாஜியார் கடைப் புதுத்துணி வாசம், பஸ் புகை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன்மேல் இவர் உட்கார்ந்திருக்கிறார். பொத்திப் பொத்தித் துவைத்தவர் இப்போது துவைக்கவே மாட்டேன் என்கிறார். "அவரு எனக்கும் அண்ணன்தான்" என்று கத்திவிட்டேன்.

மதினி என் கையைப் பிடித்தார்.  "ஒங்கண்ணன் வாசம் ஒனக்குப் பொறந்ததுலருந்து கெடச்சுச்சு தவம். எனக்குக் கல்யாணத்துலருந்து மட்டுந்தான். நீ இம்புட்டு வருசம் வச்சிருந்த. இத மட்டும் எனக்கு விடு."

வெளியே டோபி குரல் கொடுத்தார். "இம்புட்டுதானாம்மா? வேற ஒன்னும் இல்லையே?" அம்மாவும் பீலிக்கரைப் பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாசலுக்கு வந்து, "இம்புட்டுதான்" என்றேன். மதினிக்காகச் சொன்னேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டோபியின் வெள்ளாவியில் அண்ணன் ஆவியாகப் போவதைவிட, எனக்குப் பிடிக்காதவரின் பெட்டிக்குள்ளாவது இருக்கட்டுமே என்றுதான் சொன்னேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அதன்பின் மதினி அந்த மெசினைச் சுற்றித்தான் மலரை வளர்த்தார். தையல் வகுப்பு தொடங்கினார். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் போவேன். பலகாரம் வைப்பார். கொஞ்சம் பேசுவோம். கிளம்பும்போது கேட்பேன்.

"மதினி, அதத் தொவச்சீங்களா?"

"மழ விடட்டும் தவம்."

மழை பெய்யும் காலத்தில் கேட்டாலும் அதேதான். கச்சான் காற்று அடித்து, பீலி வற்றி, தேயிலை கருகிக் கிடக்கும் காலத்தில் கேட்டாலும் அதேதான். ஒருமுறை வெயிலைக் காட்டி, "எங்க மதினி மழை?" என்று கேட்டேன். "நமுனுகுலப் பக்கம் கறுக்குது பாரு" என்றார். பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை. கேட்காமல் இருக்க என்னாலும் முடியவில்லை, கொடுக்க அவராலும் முடியவில்லை. வயதாக ஆக அது எங்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. போன தீபாவளிக்கு நான் கேட்க மறந்துவிட்டேன். படி இறங்கியதும் பின்னாலிருந்து அவரே கூப்பிட்டுச் சொன்னார். "தவம், இன்னும் மழ விடல."

காரியமெல்லாம் முடிந்த அன்று மலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தாள். பழைய சேலைத் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து என் மடியில் வைத்தாள். "இளைப்பு கூடுனப்ப அம்மா சொன்னாங்க அத்தே. இத எங்கூட வச்சு எரிச்சிராதீங்க. டோபிக்கும் போடாதீங்க. அத்தகிட்ட குடு. அவ தொவைக்கட்டும், அவளுக்குத்தான் அந்த வேல, அப்பிடின்னாங்க." பிறகு, "கல்லுல அடிச்சாலும் பரவால்லன்னு சொல்லச் சொன்னாங்க" என்றாள். இதைச் சொல்லும்போது மலர் சிரித்தாள், அழுதாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். தொடையில் என் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன. முட்டியில் என் பாவாடைத் துண்டு, அதைச் சுற்றி அவர் தையல். அண்ணனைத் தேடி முகத்தைப் புதைத்தேன். அண்ணன் வாசம் இல்லை. வியர்வையும் இல்லை, எண்ணெயும் இல்லை, கடைத் துணி வாசமும் இல்லை. எத்தனை தரம் மூக்கை வைத்தாலும் ஒன்றேதான் வந்தது. மெசின் எண்ணெயும் சாக்குக்கட்டித் தூளும். எத்தனை வருடம் எடுத்து எடுத்து மடியில் வைத்திருந்தாரோ, அந்த டெனிம் முழுக்க மதினி வாசம்.

வேறு யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். நானும் முதலில் ஏமாந்துதான் போனேன். கடைசிச் சொட்டு அண்ணனையும் இவரே முடித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார் என்று பல்லைக் கடித்தேன். பிறகு என்னையறியாமல் திரும்பவும் முகத்தை வைத்தேன். இந்த முறை அண்ணனைத் தேடவில்லை.

அவரிடம் தையல் படித்த உங்களிடம் அவர் தைத்துத் தந்த சட்டைகள் இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும், அவர் சொல்லித் தந்த கைவேலை இருக்கும். என்னிடம் இருப்பது இந்த டெனிம்தான். எங்கள் வீட்டில் கொடியும் இருக்கிறது, பேசினும் இருக்கிறது, உப்பும் வினாகிரியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

நேற்று மலர் போன் பண்ணினாள். "தொவச்சீங்களா அத்தே?" என்று கேட்டாள். வாசலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"மழ விடட்டும்டி" என்றேன்.